போர்டை மாற்றாதீர்கள், முதலில் அறிக்கையை அச்சடியுங்கள்

கோத்தகிரி பக்கத்தில் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர் கேட்டிருக்கிறார். அவர்களுடைய ஜெராக்ஸ் இயந்திரம் நகல் எடுக்கிறது, கணினியிலிருந்து அச்சும் வருகிறது. ஸ்கேன் செய்து நேராக மின்னஞ்சலில் அனுப்புவது மட்டும் இரண்டு வாரமாக நடக்கவில்லை. குன்னூரில் இருக்கும் தரகருக்கு அனுப்ப வேண்டிய தாள்களைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்பிச் சமாளிக்கிறார்கள். வந்து பார்த்த பழுதுநீக்குநர் "மெயின் போர்டு போய்விட்டது" என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டிருக்கிறார். கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றையும் எழுதியிருக்கிறார்: மழையில் கற்பூர மரம் சாய்ந்து கேபிள் அறுந்ததால் இணைய இணைப்பையே வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

ஐயா, அந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். நீலகிரியில் இருபது ஆண்டுகளாக இந்த இயந்திரங்களைப் பார்த்து வருகிறேன். ஸ்கேன் மின்னஞ்சல் நின்றுவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக என்ன மாற்றினீர்கள்?" என்பதுதான். "ஒன்றுமே மாற்றவில்லை" என்பார்கள். தேநீர் வந்து பாதி குடித்த பிறகு, புது ரௌட்டர் வந்த கதையோ, முதலாளி கைபேசி தொலைந்து கடவுச்சொல்லை மாற்றிய கதையோ மெல்ல வெளியே வரும்.

போர்டு பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடுவோம். இயந்திரத்தில் பென் டிரைவ் செருகும் துளை இருந்தால் ஒரு தாளை அதில் ஸ்கேன் செய்து பாருங்கள். படம் நன்றாக விழுந்தால் ஸ்கேனர் பகுதி, நினைவகம், பிடிஎஃப் ஆக்கும் பகுதி மூன்றும் உயிரோடு இருக்கின்றன. மிச்சம் இருப்பது வலையமைப்புத் துளை மட்டும். பின்பக்கம் நெட்வொர்க் கேபிள் செருகிய இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா, அல்லது கேபிளின் மறுமுனையில் ரௌட்டரில் எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் வேறு கேபிள், ரௌட்டரில் வேறு துளை. இரண்டையும் மாற்றிய பிறகும் எரியவில்லை என்றால்தான் உங்களுக்கு வந்தவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். நம் மலையில் இடி விழுந்து நெட்வொர்க் துளை கருகுவது நடக்காத விஷயம் அல்ல. கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு மழை தொடங்கும் நாட்களில் நானே அப்படிச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஆனால் விளக்கு எரிகிற இயந்திரத்துக்கு, மின்னஞ்சல் போகவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் போர்டு மாற்றுவது, சாவி தொலைந்ததற்கு வீட்டை இடிப்பது போல.

"கணினியிலிருந்து அச்சு வருகிறதே, அப்படியென்றால் நெட்வொர்க் சரிதானே" என்று உங்களுக்குத் தோன்றும். அச்சு எந்த வழியாக வருகிறது என்று கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சிறிய அலுவலகங்கள் பலவற்றில் கணினிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே யுஎஸ்பி கேபிள்தான் ஓடும். அதில் அச்சு வருவது நெட்வொர்க்கைப் பற்றி எதையுமே சொல்லாது.

அடுத்து அறிக்கை. எல்லா அலுவலக இயந்திரங்களிலும் அனுப்பிய வேலைகளின் பட்டியல் ஒன்று இருக்கும். திரையில் நிலை அல்லது வேலைப் பதிவு என்ற பகுதிக்குள் போனால் தோற்ற வேலையின் பக்கத்தில் ஓர் எண் தெரியும். அனுப்புதல் அறிக்கையாக அச்சடிக்கவும் முடியும். திரையில் பளிச்சென்று வரும் "அனுப்ப முடியவில்லை" என்ற வாசகத்தால் யாருக்கும் பயன் இல்லை, விஷயம் அந்த எண்ணில் இருக்கிறது. கேனான் இயந்திரங்களில் 751, 752 என்று வந்தால், மின்னஞ்சலை வாங்கி அனுப்பிவைக்கும் சர்வரைச் சென்றடையவே முடியவில்லை, அல்லது சர்வரின் பெயர் தவறு. 801 என்றால் பெரும்பாலும் போய்ச் சேர்ந்து பேசத் தொடங்கிய பிறகு பதில் வராமல் நேரம் கடந்துவிட்டது. 839 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை. கியோசெராவில் 1101 சர்வர் பக்கத்தையும் 1102 கடவுச்சொல் பக்கத்தையும் காட்டும். சில இயந்திரங்கள் சர்வர் சொன்ன பதில் எண்ணையே அப்படியே அச்சடிக்கும். 535 என்றால் கடவுச்சொல் தவறு. 530 என்றால் பெரும்பாலும் "மறையாக்கத்தைத் தொடங்காமல் பேச வராதே" என்று பொருள். 552 என்றால் கோப்பு பெரிது. இந்த எண் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாமல் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர்கள், சரியாக இருந்த மூன்றையும் கெடுத்துவிட்டுப் பிறகு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் விஷயத்தில் 751, 752, 1101 போன்ற ஒன்றுதான் வரும் என்று பந்தயம் கட்டத் தயாராக இருக்கிறேன். காரணம் புது ரௌட்டர். பழைய இணைப்பில் உங்கள் அலுவலக முகவரிகள் 192.168.1 என்று தொடங்கியிருக்கும். அன்றைக்கு இயந்திரத்தை நிறுவியவர் அதற்கு 192.168.1.50 போன்ற ஒரு நிலையான ஐபி முகவரியும் (நெட்வொர்க்கில் அதன் வீட்டு எண்), வெளியே போகும் வாசலான கேட்வேயாக 192.168.1.1 என்பதையும், பெரும்பாலும் அதையே டிஎன்எஸ் ஆகவும் (சர்வரின் பெயரைக் கொடுத்தால் அதன் எண்ணைச் சொல்லும் இடம்) எழுதிவைத்திருப்பார். புது ரௌட்டர் 192.168.29 அல்லது 192.168.0 என்று வேறு வரிசையில் முகவரி கொடுக்கிறது. கணினிகளும் கைபேசிகளும் தாமாகவே புது முகவரி வாங்கிக்கொண்டன. இயந்திரம் மட்டும் பழைய தெருப் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

சரிபார்ப்பது எளிது. இயந்திரத்தின் நெட்வொர்க் அமைப்பில் ஐபி முகவரியைப் பாருங்கள். கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அடித்தால் கணினியின் முகவரியும் கேட்வேயும் வரும். முதல் மூன்று எண்களும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரத்தில் டிஹெச்சிபி என்பதை இயக்கி, அணைத்துப் போடுங்கள். தானாக முகவரி வாங்கிக்கொள்ளும். ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். மின்தடைக்குப் பிறகு வேறு முகவரி வாங்கிவிட்டால், நெட்வொர்க் வழியாக அச்சடிக்கும் கணினிகள் இயந்திரத்தைத் தொலைத்துவிடும். ரௌட்டரில் அதன் மேக் முகவரிக்கு (இயந்திரத்தோடு கூடவே வரும் அடையாள எண்) ஓர் ஐபி எண்ணை ஒதுக்கிவைப்பது நல்ல வழி. டிஎன்எஸ் இடத்தில் ரௌட்டரின் முகவரியோடு இரண்டாவதாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுவையுங்கள். டிஎன்எஸ் காலியாக இருந்தால் "எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்" என்ற ஜிமெயில் சர்வரின் பெயர் எந்த எண்ணில் இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியவே தெரியாது. கேபிள், கேட்வே எல்லாம் சரியாக இருந்தும் அனுப்பாத இயந்திரங்களில் நான் அடிக்கடி பார்த்தது இந்தக் காலி இடத்தைத்தான்.

இதைச் செய்ததும் பலருக்கு வேலை முடிந்துவிடும். உங்களுக்கு முடியாமலும் போகலாம், ஏனென்றால் அடுத்த பூட்டு இன்னும் பெரியது.

இப்போது மேட்டுப்பாளையத்திலிருந்து வெளியூர் வண்டி ஒன்று மேலே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் எண்ணெய் இருக்கிறது, சாலையும் நன்றாக இருக்கிறது, ஓட்டுநரிடம் உரிமமும் இருக்கிறது. 2024 மே 7 முதல் மலையடிவாரக் கல்லாறு சோதனைச் சாவடியில் நிறுத்தி, இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் கேட்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டு யாரும் கேட்காத ஒன்று. வண்டி பழுது என்று யாராவது சொல்வார்களா? ஜிமெயில் செய்ததும் இதுவே. பல ஆண்டுகள் உங்கள் சாதாரணக் கடவுச்சொல்லையே இயந்திரத்தில் எழுதிவைத்தால் போதுமாக இருந்தது. 2022 மே 30-ஆம் தேதியோடு தனிநபர் கணக்குகளுக்கு அந்த வழியை கூகுள் மூடிவிட்டது. அன்றிலிருந்து இயந்திரத்துக்குத் தனியாக 16 எழுத்துள்ள ஆப் பாஸ்வேர்டு வேண்டும். அவுட்லுக், ஹாட்மெயில் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16-க்குப் பிறகு கடவுச்சொல்லை மட்டும் கொடுத்து நுழையும் பழைய முறை எடுபடுவதில்லை. பழைய இயந்திரத்துக்கு அந்தக் கணக்கு இனி உதவாது, வேறு கணக்குக்கு மாறிவிடுங்கள்.

ஆப் பாஸ்வேர்டு எடுக்க, அந்த ஜிமெயில் கணக்கில் முதலில் இருபடிச் சரிபார்ப்பை இயக்க வேண்டும். அது இயங்காத கணக்கில் ஆப் பாஸ்வேர்டு என்ற வாய்ப்பே கண்ணில் படாது, நாள் முழுக்கத் தேடினாலும். இயக்கிய பிறகு கணக்கு அமைப்பின் தேடல் கட்டத்தில் ஆப் பாஸ்வேர்டு என்று தேடி, "ஜெராக்ஸ்" என்று ஒரு பெயர் கொடுத்தால் நான்கு நான்காகப் பிரித்த 16 சிறிய எழுத்துகள் வரும். நடுவில் உள்ள இடைவெளியை விட்டுவிட்டு அடியுங்கள். சாளரத்தை மூடினால் மறுபடி காட்டாது, ஆகவே முதலில் ஒரு தாளில் எழுதி, வேலை முடிந்ததும் கிழித்துப் போடுங்கள். இயந்திரத்தின் சிறு திரையில் எழுத்து எழுத்தாகத் தட்டுவதைவிட, கணினியின் உலாவியில் இயந்திரத்தின் ஐபி முகவரியை அடித்தால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கும், அங்கே ஒட்டிவிடலாம். திரையில் தட்டும்போது முதல் எழுத்து தானாகப் பெரிய எழுத்தாகிவிட்ட ஓர் இயந்திரத்தோடு ஒரு மதியம் முழுவதையும் நான் வீணடித்திருக்கிறேன். கடவுச்சொல் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் அல்லவா, யாருக்கும் தெரியவில்லை.

யாருடைய கணக்கு என்பது இதைவிட முக்கியம். முதலாளியின் சொந்த ஜிமெயிலை இயந்திரத்தில் போட்டுவைக்கும் வழக்கத்தை விடுங்கள். கூகுள் கணக்கின் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றிய நொடியில் அதன் கீழ் எடுத்த எல்லா ஆப் பாஸ்வேர்டுகளும் செத்துவிடும். முதலாளியின் மகன் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றுவார், திங்கட்கிழமை அலுவலகத்தில் இயந்திரம் நிற்கும், இரண்டுக்கும் தொடர்பு இருப்பது யாருக்கும் தெரியாது. இயந்திரத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு தொடங்குங்கள். மீட்பு எண்ணாக அலுவலகக் கைபேசியைக் கொடுங்கள், வேலையை விட்டுப் போகக்கூடிய ஒருவருடைய எண்ணை அல்ல.

நிறுவனம் கட்டணம் கட்டிச் சொந்த டொமைனில் (நிறுவனப் பெயரிலேயே முடியும் மின்னஞ்சல் முகவரி) கூகுள் வொர்க்ஸ்பேஸ் வைத்திருந்தால் வேறு ஒரு வசதி இருக்கிறது. டிஎன் 43 என்று தொடங்கும் உள்ளூர் வண்டிக்குக் கல்லாறில் இ-பாஸ் கேட்பதில்லை அல்லவா, அதுபோல உங்கள் அலுவலகத்தின் நிலையான வெளி ஐபி முகவரியை நிர்வாகப் பக்கத்தில் பதிவு செய்துவிட்டால் கூகுளின் ரிலே சர்வர் கடவுச்சொல் கேட்காமலே வாங்கிக்கொள்ளும். அதற்கு இணைய நிறுவனத்திடம் நிலையான ஐபி வாங்க வேண்டும். ஒரே ஓர் இயந்திரம் உள்ள தொழிற்சாலைக்கு இவ்வளவு தேவையில்லை என்பது என் கருத்து.

சர்வரின் எந்தக் கதவைத் தட்டுவது என்று சொல்லும் போர்ட் எண்ணைப் பொறுத்தவரை நினைவில் வைக்க வேண்டியது சிறிதே. 587 என்றால் பேசத் தொடங்கிய பிறகு மறையாக்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ், 465 என்றால் தொடக்கத்திலிருந்தே மறையாக்கும் எஸ்எஸ்எல். மாற்றிப் பொருத்தினால் வேலை செய்யாது. 465-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று வைத்தால் இரு பக்கமும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருந்து, சில நிமிடங்கள் கழித்து 801 போன்ற நேரம் கடந்த பிழை வரும். 25 என்ற பழைய போர்ட்டைப் பல இணைய நிறுவனங்கள் வெளியே போக விடுவதில்லை. பழைய இணைப்பில் 25 வேலை செய்து, புதியதில் நின்றுபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அனுப்புநர் முகவரி என்ற இடத்தில், உள்நுழையும் அதே முகவரியைப் போடுங்கள். அங்கே வேறு பெயர் இருந்தால் ஜிமெயில் தானே திருத்திக்கொள்ளும், மைக்ரோசாஃப்ட் சர்வர்கள் திருப்பி அனுப்பிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் மறுக்கும் இயந்திரங்கள் இரண்டு வகை. ஒன்று, கடிகாரம் கெட்டது. அலுவலகம் பூட்டும்போது சுவரில் உள்ள சுவிட்சையே அணைத்துவிடுவார்கள். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருந்தால், மறுநாள் காலை இயந்திரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய் எழுந்திருக்கும். சர்வர் காட்டும் சான்றிதழ் இன்னும் வழங்கப்படவே இல்லாத ஒரு தேதியில் அது நிற்கிறது, ஆகவே நம்ப மறுக்கிறது. குன்னூரில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் இரண்டு பேர் வந்து கைவிட்டுப் போன இயந்திரத்தை, நகலின் மூலையில் அச்சான தேதியைப் பார்த்ததால்தான் என்னால் சரிசெய்ய முடிந்தது. தேதியைத் திருத்தினேன், மின்னஞ்சல் பறந்தது. நேரத்தை இணையத்திலிருந்து எடுக்கும் என்டிபி அமைப்பை இயக்கி, நேர மண்டலத்தைக் கூட்டல் 5:30 என்று வையுங்கள், பேட்டரியையும் மாற்றச் சொல்லுங்கள்.

சுவர் சுவிட்ச் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மலை இயந்திரங்களில் ஈரத்தை விரட்டும் சிறு சூடேற்றி பொருத்தியிருக்கலாம். இயந்திரம் தூங்கும்போதும் சுவர் மின்சாரம் இருந்தால்தான் அது வேலை செய்யும். அணைத்துவிட்டால் பனிமூட்டக் காலையில் உள்ளே உள்ள கண்ணாடிகளில் நீராவி படிந்து, ஸ்கேன் மங்கலாக வரும். பத்து மணிக்கு மேல் தானாகத் தெளியும். இதற்கும் மின்னஞ்சலுக்கும் தொடர்பு இல்லை, ஆனால் இரண்டும் ஒரே நாளில் வந்தால் "இயந்திரமே போய்விட்டது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இடி மின்னலுக்கு மட்டும் பிளக்கைப் பிடுங்குங்கள், நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து.

இரண்டாவது வகை வயதானது. சர்வரோடு பேசும் மறையாக்க முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். 1999-இல் வந்த 1.0, 2006-இல் வந்த 1.1 இரண்டையும் 2021-இல் இணையத் தரநிலைக் குழுவே கைவிட்டுவிட்டது. பெரிய சேவைகள் இன்று எதிர்பார்ப்பது 2008-இல் வந்த 1.2 அல்லது அதற்கு மேல். உங்கள் இயந்திரம் அதற்கு முந்தைய காலத்தது என்றால் நிறுவனம் வெளியிட்ட புதிய ஃபர்ம்வேர் (இயந்திரத்துக்குள் இருக்கும் மென்பொருள்) உண்டா என்று கேளுங்கள். சிலவற்றுக்கு உண்டு, அமைப்பில் 1.2 என்று ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லையென்றால் அந்த இயந்திரத்தை மின்னஞ்சல் அனுப்பச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். கணினியில் உள்ள ஒரு ஃபோல்டருக்கு ஸ்கேன் செய்யவைத்து, அங்கிருந்து நீங்கள் இணைத்து அனுப்புங்கள். அதிலும் ஒரு வலை உண்டு. பழைய இயந்திரங்கள் ஃபோல்டருக்கு எழுதப் பயன்படுத்தும் எஸ்எம்பி-யின் முதல் பதிப்பு, 2017-இன் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து தானாக நிறுவப்படுவதில்லை. அதைத் தேடிப்பிடித்து இயக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள், பாதுகாப்பில்லாத வேலை. இயந்திரத்தில் கோப்பு அனுப்பும் இன்னொரு முறையான எஃப்டிபி இருந்தால், அலுவலகத்துக்குள் மட்டும் அதைப் பயன்படுத்துவது அதைவிடத் தேவலை.

சில நாள் போகிறது, சில நாள் போகவில்லை என்றால் அளவைப் பாருங்கள். ஒரு ஏ4 தாளை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் எடுத்தால் 2480-க்கு 3508 புள்ளிகள், சுருக்குவதற்கு முன் ஏறத்தாழ 26 எம்பி. அதே தாள் கறுப்பு வெள்ளையில் ஒரு எம்பியைச் சற்றுத் தாண்டும், சுருக்கிய பிறகு அதில் ஒரு சிறு பகுதிதான். ஜிமெயிலின் எல்லை 25 எம்பி. மின்னஞ்சலுக்கு ஏற்ற எழுத்துகளாக மாற்றும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு வீங்கும், ஆகவே 18 எம்பியைத் தாண்டினாலே அபாயம். இயந்திரத்திலும் தனியாக ஓர் எல்லை எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் அதைவிடச் சிறியது. இதற்கு மேல் நம் மலை இணைப்பு. வினாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் மேலேறும் இணைப்பில் 20 எம்பி கோப்பு வீங்கிய பிறகு போய்ச் சேர மூன்றரை நிமிடம் ஆகும், அதற்குள் இயந்திரமோ சர்வரோ பொறுமை இழந்துவிடும். பில்லும் எடைச் சீட்டும் அனுப்ப 200 டிபிஐ கறுப்பு வெள்ளை தாராளம். முப்பது பக்கத்தை இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள்.

போய்விட்டது என்று அறிக்கை சொல்லியும் எதிர்முனையில் வராவிட்டால் இயந்திரத்தைத் தொடவே வேண்டாம். அனுப்பும் கணக்கை உலாவியில் திறந்து, திரும்பி வந்த அஞ்சல் இருக்கிறதா பாருங்கள். முகவரிப் புத்தகத்தில் ஒரு புள்ளி விடுபட்டிருக்கும், அல்லது தரகரின் ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். சொந்த டொமைன் முகவரியை வேறு சர்வர் வழியாக அனுப்பினால் ஸ்பேமுக்குப் போகும் வாய்ப்பு மிக அதிகம்.

உங்களுக்கு வந்தவரைக் குறை சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. டிரம், ரோலர், ஃபியூசர் என்று கையால் தொட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதி கண்ணுக்குத் தெரியாத ஒன்று. தெரியாததைப் போர்டு என்று சொல்லிவிடுவது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். அவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் பென் டிரைவில் ஸ்கேன் செய்து காட்டுங்கள், பின்பக்க விளக்கையும் காட்டுங்கள். பிறகு இயந்திரத்தின் ஐபி முகவரி, கணினியின் ஐபி முகவரி, அறிக்கையில் வந்த எண், திரையில் தெரியும் தேதி ஆகிய நான்கையும் இங்கே எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் எழுதிவிடாதீர்கள். போன மாதம் ஒருவர் அதையும் சேர்த்து எழுதிவிட்டார்.